மீனைத் தவிர வேறு பேச்சு கூடாது

தொட்டியில் மீன் வளர்ப்பவர்களின் வாட்ஸப் குழுவுக்குத் தேவசகாயம்தான் அட்மின். மீனைத் தவிர வேறு பேச்சு கூடாது என்று போன மாதம் சட்டம் போட்டிருந்தார். அதுவரை அங்கே காலை வணக்கம், பேத்தி பிறந்த சேதி, மழை, மத்தியானக் குழம்பு என்று ஓயாத இரைச்சல். வால் அழுகலுக்குக் கல்லுப்பு எவ்வளவு போடுவது என்பதைக்கூட நஸீமா அக்கா கத்தரிக்காய்க் கூட்டு வைப்பதற்கு நடுவில்தான் சொல்லியிருந்தார். தேவசகாயத்துக்கு அது பொறுக்கவில்லை. சட்டம் வந்த பிறகு குழு துடைத்து வைத்த கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. கேள்வி வருவதும் நின்றது, பதில் வருவதும் நின்றது. அவர் அதை ஒழுங்கு என்று நினைத்தார்.

இப்போது அவருடைய ஆஸ்கர் மீன் தொட்டியின் அடியில் ஒருக்களித்துக் கிடக்கிறது. விரலை நீட்டினால் ஓடி வந்து முட்டுகிற மீன், போட்ட தீனியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "என் மீனுக்கு உடம்பு சரியில்லை" என்று தட்டினார். அட்மினுக்கே தெரியவில்லையா என்பார்களே என்று அழித்தார். மறுபடி தட்டி, மறுபடி அழித்தார். கடைசியில் என்ன நினைத்தாரோ, "எல்லாரும் சாப்பிட்டாச்சா?" என்று அனுப்பினார்.

பிறகு நஸீமா அக்காவின் குரல் பதிவு ஒன்று வந்தது. பின்னால் கடுகு வெடிக்கும் சத்தம்.

"நாங்க சாப்பிட்டாச்சு தம்பி. ஒங்க மீனு சாப்பிடலியா?"