தமிழுக்குப் பக்கத்தில் மலேசியா

"எந்த அரைவேக்காடு இந்தப் போனை நோண்டினது? அவன் கையை உடைக்கணும்!"

நான் போட்ட சத்தத்தில் பதுளை பஸ் நிலையத்தில் நின்றவர்கள் என் போன் ரிப்பேர் கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்னலட்சுமி அக்கா பயந்துவிட்டார். ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவர். கணவர் தம்பையாவின் போனைக் கொண்டு வந்திருந்தார்.

"கலண்டர்ல போயா நாளே, அந்தப் பௌர்ணமி லீவே, காட்ட மாட்டேங்குது முதலாளி. போன போயாவுக்கு எங்க வீட்டுக்காரரு சாராயத் தவறணை வரைக்கும் நடந்து போயி, போயாவுக்குப் போட்டிருந்த பூட்டைப் பார்த்துட்டு வந்தாரு."

"எப்படிக் காட்டும்? இங்க பாருங்க. மொழி தமிழ், சரி. பக்கத்துல நாடு மலேசியான்னு கிடக்கு. அந்த ஊரு லீவு நாளைத்தான் காட்டும்."

மலேசியா என்றதும் அக்கா தலையைக் குனிந்தார்.

எனக்கும் தெரிந்த கதைதான். மகள் யசோதினி மனதுக்குப் பிடித்தவனோடு அங்கே போய்விட்டாள். "எனக்கு மகளே இல்லை" என்று லயத்து வீடுகள் எல்லாம் கேட்கக் கத்தினவர் தம்பையா. கல்நெஞ்சுக்காரர்.

மலேசியாவை எடுத்துவிட்டு இலங்கையைப் போட்டுக் கொடுத்தேன்.

"அவருக்குச் சொல்லாமத்தான் கொண்டு வந்தேன். அலைச்சலாவது மிச்சமாகட்டும்" என்று சிரித்துக்கொண்டே போனார்.

மறுநாள் கடை திறக்குமுன் தம்பையா வாசலில் நின்றார்.

"யாரைக் கேட்டு மாத்துனீங்க?"

"நல்லா இருக்கே! கெட்டுக் கிடந்ததைச் சரி பண்ணினா சண்டைக்கு வர்றீங்க. எந்த மடையன் மலேசியான்னு போட்டான்? அவனைக் காட்டுங்க முதல்ல!"

"நான்தான்."

சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினேன்.

"தமிழுக்குப் பக்கத்துல நாலு நாடு வந்துச்சு. புள்ள இருக்குற நாட்டைத் தொட்டேன்."

"எதுக்குண்ணே?"

"அங்க லீவு என்னைக்குன்னு தெரிய வேணாமா? வேலை நாள்ல அது எப்படி நமக்குக் கோல் எடுத்துப் பேசும்? லயத்துல சிக்னல் இல்ல. அந்த லீவு நாள்ல நான் வேலைக்குப் போறதில்ல. மேல்மலைப் பாறையில ஏறி, போனை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். பொழுது சாஞ்சாத்தான் இறங்குவேன். என் நம்பரைக்கூட மாத்தல."

"கூப்பிட்டாளா?"

"இன்னும் இல்ல."

"அவ நம்பர் இருக்கா?"

"மனப்பாடம்."

"அப்ப நீங்களே கூப்பிட்டா என்ன?"

"மக இல்லன்னு சொன்னவன் எந்த வாயால கூப்பிடுறது, முதலாளி?"

அவர் கையிலிருந்த போனை வாங்கி மறுபடி மலேசியாவைப் போட்டேன். கலண்டரைத் திறந்தால், இன்றைய கட்டத்திலேயே சிவப்பு.

"இன்னைக்கு அங்க லீவு" என்றேன்.

அவர் அவசரமாக மலைப் பக்கம் பார்த்தார். "கூலி எவ்வளவு? சீக்கிரம் சொல்லுங்க, பாறைக்கு ஏறணும்."

நான் போனைக் கொடுக்கவில்லை.

"பாறைக்கும் போக வேணாம், கூலியும் வேணாம். என் வாசல்ல சிக்னல் நல்லாவே இருக்கு. நம்பரைச் சொல்லுங்க, நானே அமத்துறேன். இதுல பேரம் கிடையாது. இல்லன்னு கத்தினீங்களே, அந்த வாயாலயே கூப்பிடுங்கண்ணே, 'மகளே'ன்னு!"