முந்நூறு வருஷச் சுவர்

“சும்மா சும்மா அவனுக்கு போன் போடாதே. கோபம் தணிஞ்சா தானா வருவான்” என்றார் ஒதார்.

மருமகள் மக்வாலா போனை ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டாள். காலையிலிருந்து ஒன்பது முறை கூப்பிட்டாயிற்று. கணவன் வாஜா தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாகவே ஒவ்வொரு முறையும் பதில் வந்தது.

நேற்று அப்பனுக்கும் மகனுக்கும் பெரிய சண்டை. நிலவறையில், கழுத்துவரை மண்ணில் புதைத்த ஆறு தாழிகளிலும் புதுத் திராட்சைச் சாறு பொங்கிக்கொண்டிருந்தது. அதிலிருந்து கிளம்பும், மூச்சை அடைக்கும் காற்று வெளியே போகச் சுவரில் ஓட்டை போட்டு விசிறி வைக்க வேண்டும் என்றான் வாஜா.

“முந்நூறு வருஷச் சுவர்டா அது! எங்கப்பா விசிறி வெச்சா ஒயின் போட்டார்? வேணும்னா மேல இருக்கிற உன் ஸ்டீல் தொட்டிக்கு வெச்சுக்கோ.”

“தாத்தா காலத்துல ரெண்டு தாழிதானப்பா பொங்குச்சு. இப்ப ஆறு.”

“இத்தாலியில நாலு வருஷம் படிச்சா மூச்சு விடறதுக்கும் மெஷின் கேக்குமோ?”

வாஜா படுக்கப் போய்விட்டான். தாழிக்குள் மேலே திரண்டு நிற்கும் திராட்சைத் தோலைக் கழியால் அமுக்கிவிட, வழக்கம்போல் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து போனான். அவனைப் பார்க்கப் போன ஒதார் மட்டும்தான் ஆறு மணிக்கு நிலவறையிலிருந்து ஏறி வந்தார்.

“மாதிரி பாட்டிலை எடுத்துக்கிட்டு யாரோட லாரியிலயோ திபிலீசி லேபுக்குப் போயிட்டான். என் மூஞ்சியில முழிக்கப் பிடிக்கலையாம்.”

போயும் போயும் இன்றைக்கா? போலந்திலிருந்து ஹென்ரிக் ஒப்பந்தத்தோடு வருகிற நாள். இது கைநழுவினால் திராட்சைத் தோட்டம் பக்கத்துப் பள்ளத்தாக்கின் பெரிய கம்பெனிக்குப் போய்விடும்.

ஹென்ரிக் மதியம் வந்தார். அக்ரூட் அரைத்து அடைத்த கத்தரிக்காயும் திராட்சைக் குச்சித் தணலில் சுட்ட ஆட்டிறைச்சியும் மேஜையில் காத்திருந்தன. ரஷ்ய மொழியில் பேச்சு களைகட்டியது.

“எங்க என் மந்திரவாதி? பாட்டிலுக்குள்ள ஒளிச்சு வெச்சுட்டீங்களா?”

“லேபுக்குப் போயிருக்கான். சாயங்காலம் வந்துடுவான். நீயே சொல்லும்மா” என்றார் ஒதார்.

“வந்துடுவாருங்க” என்று மக்வாலா சிரித்தாள். எத்தனை முறை சிரிக்க வேண்டியிருக்குமோ என்று நினைத்துக்கொண்டாள்.

ஹென்ரிக் கோப்பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “ஸ்டீல் தொட்டி எங்க ஊர்லயும் இருக்கு. தாழி இங்க வீட்டுக்கு வீடு இருக்கு. அதுல எவ்வளவு, இதுல எவ்வளவுன்னு கலக்கத் தெரிஞ்ச நாக்கு ஒண்ணுதான். நான் வாங்குறது வாஜாவோட நாக்கை. அவன் இல்லேன்னா இந்தக் காகிதம் வெறும் காகிதம்.”

“அவன் எங்க போகப்போறான்? இந்த வீட்டை விட்டு நகர மாட்டான்.”

“சரி, தாழியைக் காட்டுங்க.”

“பொங்குற நேரத்துல வெளியாள் பார்த்தா ஒயின் கெட்டுடும். எங்க வழக்கம் அப்படி.”

அப்படியொரு வழக்கத்தை மக்வாலா கேள்விப்பட்டதே இல்லை. மாமனார் பக்கம் குனிந்து, “மாமா, தோலை அமுக்கி எவ்வளவு நேரமாச்சு! சாவியக் குடுங்க, நான் போய் அமுக்கிட்டு வந்துடறேன்” என்று கிசுகிசுத்தாள்.

“ஒரு நாள் கிடக்கட்டும்.”

அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. மாமியாரை அடக்கம் செய்த அன்றைக்குக்கூட, கறுப்புக் கோட்டோடு நிலவறைக்குள் இறங்கிய மனிதர் இவர். மகன் மேல் அவ்வளவு கோபமா?

விருந்தில் இறந்தவர்களை நினைத்துக் குடிக்கும் கோப்பையின் முறை வந்தது. ஒதார் எழுந்து நின்றார். எப்போதும்போல் மனைவியின் பெயரைச் சொல்லி, ரொட்டித் துண்டின் மேல் கொஞ்சம் ஒயினைச் சொட்டவிட்டார். பிறகு கோப்பை இன்னொரு முறை சாய்ந்தது. எந்தப் பெயரும் சொல்லவில்லை. கிழவருக்குக் கை தவறிவிட்டது என்று மக்வாலா நினைத்தாள்.

அடுத்த கோப்பைக்கு முன்பே ஹென்ரிக் பேனாவைத் திறந்துவிட்டார். ஐந்து வருட ஒப்பந்தம். இரண்டு கையெழுத்துகள்.

“மந்திரவாதிகிட்ட சொல்லுங்க, அடுத்த தடவை அவன் ஊத்தினாத்தான் குடிப்பேன்!” என்று கத்திக்கொண்டே ஹென்ரிக் காரில் ஏறினார். கார் சரிவில் இறங்கி மறைந்தது.

மக்வாலா ஏப்ரனில் கையைத் துடைத்தாள். “இப்பவாவது சாவியக் குடுங்க மாமா. அவர் வந்து பார்த்தா மறுபடியும் உங்களோட சண்டைக்கு நிப்பார்.”

ஒதார் இடுப்பு வாரிலிருந்து சாவியை அவிழ்த்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

“கதவைத் திறந்ததும் இறங்கிடாதே. கொஞ்ச நேரம் காத்து போகட்டும்.”

படியை நோக்கித் திரும்பியவள் நின்றாள். மேஜையில் அந்த ரொட்டித் துண்டு கிடந்தது. அதன் மேல் இரண்டு சிவப்புக் கறைகள்.

“மாமா... அவர் எங்க?”

ஒதார் ஒப்பந்தத்தை நான்காக மடித்துக் கோட்டின் உள்பைக்குள் வைத்தார்.

“கையெழுத்து ஆயிடுச்சும்மா. இனிமே நீ அழலாம்.”