காகம் கால் வைத்த கல்

வாய்க்காலுக்கு ஒற்றைப் பனந்தடிதான் பாலம். எதிரெதிரே இருவர் வந்தால் ஒருவர் தண்ணீரில் விழவேண்டியதுதான். ஆகவே ஆடுகள் ஒரு முறை வைத்திருந்தன. எந்தக் கரையிலிருந்து ஏறினாலும் முதலில் தடியருகே இருக்கும் காகத்திடம் "பாலம்" என்று குரல் கொடுக்க வேண்டும். காகம் ஒரு கல்லின்மேல் கால் வைக்கும். கடந்தவர் கடந்தாயிற்று என்று சொன்ன பிறகே காலை எடுக்கும். அதுவரை அடுத்துக் கேட்பவர் காத்திருக்க வேண்டும்.

அன்று அக்கரையில் செவலை ஆட்டின் குட்டி பசியில் கத்தியது. செவலை முறைப்படி கேட்டது. காகம் கால் வைத்தது. பாதித் தடியில் எதிரே வந்த பன்றி முட்டியதில் செவலை தண்ணீரில் விழுந்தது. பன்றி தன்பாட்டுக்குப் போனது.

தத்தளித்துப் புறப்பட்ட கரையிலேயே ஏறிய செவலை காகத்தின்மேல் பாய்ந்தது. "கல்லில் கால் வைத்துக்கொண்டு என்னத்தைக் கிழித்தாய்?"

"இன்னும் காலை எடுக்கவில்லை, பார் அக்கா. வேறு யார் கேட்டிருந்தாலும் வழி கொடுத்திருக்க மாட்டேன். பன்றி கேட்கவே இல்லையே! போ, குட்டி கத்துகிறது."

செவலை கடந்துபோய்க் குட்டிக்குப் பால் கொடுத்தது.

சாயங்காலம் ஆடுகள் கூட்டம் போட்டுக் காகத்தைக் கண்டித்தன. கல் சிறியது என்று முடிவுகட்டி, பெரிய கல் ஒன்றை உருட்டி வந்தன.

செவலை அங்கே நிற்கவில்லை. சேற்றில் புரண்டுகொண்டிருந்த பன்றியிடம் போனது.

"அண்ணே, தடியில் ஏறுமுன் காகத்திடம் கேட்கவேண்டும் என்று யாராவது உங்களிடம் சொன்னார்களா?"

பன்றி தலையைத் தூக்கியது. "எந்தக் காகம்?"