பதினோரு பலூன்

கொட்டகைக் கூரையில் முட்டிக்கொண்டு நின்ற பதினோரு பலூன்களைப் பார்த்ததும் பரிமளா அப்படியே நின்றுவிட்டாள். மணி நாலு நாற்பது. இன்னும் இருபது நிமிடம்தான் பாக்கி, இப்போதா இது கண்ணில் பட வேண்டும்!

"இதெல்லாம் யாரோடதுக்கா?"

"எம்புள்ள வசந்தோடது." மீன் ஆய்ந்துகொண்டிருந்த ஜெகதாம்பாள் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள். "மாமல்லபுரம் பீச்சாண்ட விக்கறான். அன்னிக்கி நீ வந்தப்ப எல்லாத்தயும் எடுத்துக்கினு பூட்டான். இன்னிக்கி ஜொரம், வூட்டுக்குள்ள படுத்துகினு கீறான்."

பரிமளா ஜியாலஜி படித்தவள். சிறுசேரியில் ஆறே பேர் உள்ள ஒரு சின்னக் கம்பெனியில் வேலை. பூமிக்குள் ஹீலியம் எங்கே தேங்கியிருக்கிறது என்று தேடுவதுதான் அவர்கள் பிழைப்பு. ஆஸ்பத்திரி ஸ்கேன் மெஷினுக்கும் ராக்கெட்டுக்கும் வேண்டிய வாயு அது. பலூனைத் தூக்குவதும் அதேதான்.

நெம்மேலிக்குத் தெற்கே இந்தக் குப்பத்துக் கொட்டகையில் ஒரு போர்வெல் இருக்கிறது, தண்ணீரே வராமல் காற்று மட்டும் புஸ்ஸென்று வருகிறது என்று கேள்விப்பட்டு, மூன்று நாளுக்கு முன் ஓடிவந்தாள். குழாய் வாயில் ஹீலியம் அளக்கும் கருவியை வைத்தால், அது காட்டக்கூடிய அளவையெல்லாம் தாண்டி எகிறியது. அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

முதலாளி ராஜகோபாலன்தான் இழுத்தடித்தார். "பழைய பாறையெல்லாம் செங்கல்பட்டு மலைப்பக்கம்தானேம்மா வெளிய தெரியுது? ஹீலியம் பாறையிலதான் பொறக்கும். அங்கயே லைசென்ஸ் கேட்டுடலாம்."

"பொறக்கும் சார், நிக்காது. மூடியில்லாத இட்லிப் பானையில ஆவி நிக்குமா? கடலோரத்துல அதே பாறை கீழ போகுது, மேல களிமண் மூடியிருக்கு. அங்கதான் தங்கும்."

மூன்று நாள் தொண்டை வறளச் சண்டை போட்டு அவரை வழிக்குக் கொண்டுவந்திருந்தாள். ஒரு கம்பெனிக்கு ஒரு இடத்தில் தோண்டத்தான் லைசென்ஸ் கிடைக்கும். இன்று ஐந்து மணிக்குள் கம்ப்யூட்டரில் பட்டனை அழுத்த வேண்டும், அழுத்தினால் பிறகு மாற்ற முடியாது. இடம் தப்பினால் ஆறு பேரும் வேலையில்லாமல் வீட்டில் உட்கார வேண்டியதுதான். விண்ணப்பத்தோடு வைக்க போரின் போட்டோ கேட்டிருந்தார். அதை எடுக்கத்தான் வந்தாள்.

மனசு கேட்காமல் மூலையிலிருந்த வலைக் குவியலை இழுத்துத் தள்ளினாள். நினைத்தது சரியாகப் போயிற்று. போர் குழாயிலிருந்து இரண்டடியில் ஒரு சிலிண்டர். உப்புக் காற்றில் அதன் திருகு துருவேறிக் கிடந்தது, கழுத்தில் துணி காயப்போடும் கொடி கட்டியிருந்தது.

"அக்கா, இது பலூன் சிலிண்டரா?"

"ஆமா."

"பலூனை இங்கயேதான் ஊதுவாரா?"

"தெனம் காத்தால இங்கதான். ஏம்மா, இன்னாச்சி? மூஞ்சி ஒரு மாரி ஆயிடுச்சி?"

போச்சு, எல்லாம் போச்சு! சிலிண்டரில் கசிந்ததையா பூமியிலிருந்து வந்ததென்று கூத்தாடினாள்? பாழாய்ப்போன கருவிக்கு இது வேறு, அது வேறு என்று தெரியுமா? மறுபடி அளக்கலாமென்றால் கருவி சிறுசேரி ஆபீசில் இருக்கிறது. கொட்டகைக்குள்ளேயே நாலு தரம் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள்.

போன் அடித்தது. நாலு ஐம்பத்திரண்டு.

"என்னம்மா, போட்டோ வரலயே? கடலோரம்னு அழுத்திடவா?"

பேசாமல் ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆபீசில் மற்ற ஐந்து பேர் முகமும் வரிசையாக வந்து நின்றது. "வேணாம் சார். மலைப்பக்கமே போட்டுடுங்க. நான் அளந்தது ஒரு பலூன்காரர் சிலிண்டர் சார், மன்னிச்சுடுங்க."

"நல்ல வேளை, இப்பவாவது சொன்னியே!" பெருமூச்சு கேட்டது. பட்டனைத் தட்டுகிற சத்தமும் கேட்டது. "அழுத்திட்டேன். விடு, கிளம்பி வா."

அழுகையும் ஆத்திரமுமாகப் பையைத் தோளில் மாட்டினாள். மானம் போனாலும் கம்பெனி பிழைத்தது, அந்த மட்டும் நிம்மதி. போகிற போக்கில் யார்மேலாவது எரிந்து விழ வேண்டும்போல இருந்தது.

"அக்கா, உங்க புள்ளைகிட்ட சொல்லுங்க, சிலிண்டரை இப்படி மூடின இடத்துல திறந்து வைக்கக் கூடாது."

"அத எவன் தொறந்தான்?" ஜெகதாம்பாள் சிரித்தாள். "அது காலியாயி ரெண்டு வருசமாவுது. கொடி கட்டறதுக்குன்னு வுட்டு வச்சிக்கீறேன்."

பரிமளா அண்ணாந்து கூரையைப் பார்த்தாள். "அப்ப... இந்தப் பலூனெல்லாம்?"

ஜெகதாம்பாள் கையிலிருந்த மீன் கத்தியால் போர் குழாயைக் காட்டினாள்.

"இதுலதாம்மா மாட்டி ஊதறான்."