உருகாத மண்

கரண்ட் போனதும் ஐஸ் பெட்டியின் உறுமல் நின்றது. கூடவே ஒப்பாரியும் நின்றது.

பெட்டிக்குள் சாரதாமணி. வெளியே அவள் புருஷன் கந்தப்பன், கண்ணாடிமேல் பூத்த ஆவியைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தான்.

ஷிப்மெண்ட் நெருங்கும் நேரத்தில் தையல் மெஷின்களை நிறுத்திவிட்டு, தன் பனியன் கம்பெனி ஜெனரேட்டரை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்திருந்தான். அது இருமி இருமி ஓட ஆரம்பித்தது.

ஒரே மகள் கீர்த்தனா வரவேண்டும். அலாஸ்காவில் மண்ணைப் பற்றிப் படிக்கிறாள்.

துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் கந்தப்பன் அந்த மண்ணைத்தான் சொன்னான். ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முந்திச் செத்த புல்லும் வேரும் அங்கே உறைந்து, அழுகாமல் அப்படியே கிடக்கிறதாம். பூமி பூட்டிவைத்த கோடவுனாம். மண் இளகினால் போச்சு. எல்லாம் அழுகி, அதிலிருக்கிற கார்பன் வாயுவாகிக் காற்றோடு போய்விடுமாம்.

"குளுரு உட்டுப்போகாத வரைக்கும் ஒண்ணும் ஆகாதுங்க."

தேதி தள்ளிக் கேட்பதில் மன்னன். சரக்கு வாங்கும் பையரிடம் வாரக்கணக்கில் கேட்பவன், மச்சான் பெருமாள்சாமியிடம் மணிக்கணக்கில் கேட்டான். காலைப் பிளைட் என்றான். அப்புறம் மத்தியானம் என்றான்.

பெருமாள்சாமி முதலில் மாலையெல்லாம் வாடுதென்று முணுமுணுத்தார். பிறகு நேராகவே சொல்லிவிட்டார்: என் தங்கச்சியை இனியும் போட்டுவைக்க முடியாது, பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட வேண்டும்.

கந்தப்பன் கேனை எடுத்துக்கொண்டு டீசல் வாங்கப் போனான். ஆள் அனுப்பவில்லை. தானே போனான்.

டிவி மேல் கிடந்த அவன் செல் அடித்தது. அவன் கம்பெனிக்கு நூல் கொடுக்கும் நான்தான் பக்கத்தில் இருந்தேன்; எடுத்தேன். கீர்த்தனா.

எதுவரைக்கும் வந்திருக்கிறாய் கண்ணு, கோயமுத்தூருக்குக் கார் அனுப்பட்டுமா என்றேன்.

போனில் காற்று இரைந்தது.

"அம்மாவ எடுத்தாச்சுங்களா மாமா?"

பனிப்புயலாம். அவர்கள் கேம்ப்புக்கு இனி அடுத்த வாரந்தான் பிளைட்டாம். காத்திருக்க வேண்டாமென்று நேற்றே அப்பாவிடம் சொல்லி அழுதாளாம். அவரும் சரி என்றாராம்.

நிமிர்ந்தேன். கேனோடு வாசலில் நின்ற கந்தப்பன், என் காதிலிருந்த செல்லையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பொண்ணுதானே, எங்கே வருகிறாள் என்றார் பெருமாள்சாமி.

லாரியில் ஏற்றாத நூலை ஏற்றியாச்சு என்று கூசாமல் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய் எனக்கு. அன்றைக்குத் தொண்டையைச் செருமவேண்டியிருந்தது.

"சென்னை வந்துட்டாளாமுங்க" என்றேன். "பொழுதோட வந்துருவா."