முதல் கூடை விழும் வரை

அந்தச் சனிக்கிழமை மதியம் எட்டாவது வரிசையில் இருந்தவர்கள்: ஹார்லன் ஓபர்மேயர், அவர் மனைவி வெர்லா, ஊரில் ஏலம் விடும் டுவைட் கிரெப்ஸ், பாஸ்டர் லிண்ட்க்விஸ்ட். நால்வரும் பச்சைச் சட்டையில் இருந்தார்கள்.

நால்வரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

பிளம் கிரீக் கல்லூரியின் கூடைப்பந்து அரங்கில் அதுதான் முறை. பந்தை மேலே எறிந்த நொடியிலிருந்து கல்லூரிப் பிள்ளைகள் முதல் கூடை போடும் வரை ஒருவரும் உட்காரக் கூடாது. நின்றபடி கைதட்ட வேண்டும். பிரசவத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது வந்து நின்றுவிட்டுப் போனவளும் உண்டு.

ஹார்லன் ஐம்பத்தொரு வருடமாக அதே இடத்தில் நிற்பவர். எழுபத்தொன்பது வயதிலும் முதுகு வளையவில்லை. ஆகஸ்டில் முட்டி மாற்றிக்கொண்டபோது வெர்லா ஒரு கைத்தடி வாங்கிக் கொடுத்தாள். அது இன்னும் காரின் பின் இருக்கையில் கிடந்தது.

அரங்கின் வாசலில் மூன்று படங்கள் தொங்கின. மூன்றிலும் ஒரே எண், முப்பத்திரண்டு. ஹார்லன், அவர் மகன், பேரன் நோலன்.

ஏப்ரலில் மூன்றாவது படத்தை எடுத்துவிட்டார்கள். சுவரில் ஆணி மட்டும் மிச்சம்.

நோலன் கல்லூரி மாறிவிட்டான். அதுவும் டன்மோருக்கு. நாற்பது மைலில் இருக்கும் ஜென்மப் பகைக்கு.

இரண்டு வருடம் ஆடக் கிடைக்காமல் பெஞ்சின் கடைசியில் உட்கார்ந்தது போதும் என்று தாத்தாவுக்குத் தொலைபேசியில் சொன்னான்.

"நம்ம குடும்பத்துல சட்டை மாத்துற பழக்கம் கிடையாது" என்று ஹார்லன் போனை வைத்தார். ஒன்பது மாதமாக அந்தப் பெயரை அவர் வாயில் எடுக்கவில்லை.

ஊர் எடுத்தது. எடுத்துக் கிழித்தது. தீயணைப்பு நிலையத்துக்குப் பின்னால் பீப்பாயில் போட்டு அவன் சட்டைகளைக் கொளுத்தினார்கள். சாப்பாட்டுக் கடையில் 'நோலன் பர்கர்' மறுநாள் காலை வெறும் பர்கர் ஆனது.

இன்று அவன் டன்மோரின் சிவப்புச் சட்டையில் வந்திருந்தான். துரோகி என்று காட்ட மாணவர்கள் ரப்பர் பாம்புகளைச் சுழற்றினார்கள். டுவைட் மாட்டு மணி கொண்டுவந்திருந்தார். ஒலிபெருக்கியில் நோலன் பெயர் வந்ததும் எழுந்த ஊளையில் கூரை அதிர்ந்தது. எட்டாவது வரிசையில் மிகப் பெரிய ஊளை பாஸ்டருடையது.

"பாஸ்டர், நீங்களுமா?" என்றாள் வெர்லா.

"மன்னிக்கிறதெல்லாம் நாளைக்கு, வெர்லாம்மா. இன்னைக்குச் சனிக்கிழமைதானே."

ஹார்லன் வாய் திறக்கவில்லை. ஓபர்மேயர்கள் பொது இடத்தில் கத்துவதில்லை. வீட்டுப் பிள்ளையைப் பார்த்துக் கத்துவது அதைவிடக் கேவலம். ஆனால் அவனுக்காகக் கைதட்டவும் அவர் வரவில்லை.

ஆட்டம் தொடங்கியது. பச்சைச் சட்டைகள் எறிந்தது எதுவும் விழவில்லை. ஒரு நிமிடம். இரண்டு. மூன்று. சிவப்புக்கும் விழவில்லை.

"பெரியவரே, இப்படியே போனா ராத்திரிச் சாப்பாடும் நின்னுக்கிட்டேதான்!" என்றார் டுவைட்.

வெர்லா ஹார்லனின் முழங்கையைத் தொட்டாள். "உக்காருங்களேன். முட்டி இருக்கற நெலமைக்கு யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

அவர் உட்காரவில்லை. ஆறு வயதில் நோலன் இதே இடத்தில் கால் வலிக்கிறது என்று சிணுங்கினான். சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கி நிறுத்தியவர் அவர்தான். "நம்ம பய ஒருத்தன் கூடை போடட்டும்டா. அப்புறம் உக்காரலாம்."

நான்காவது நிமிடம். எட்டாவது வரிசைக்கு நேர் கீழே, மூலையில், பந்து நோலன் கைக்கு வந்தது.

எறிந்தான். வலது முழங்கை வெளியே துருத்தியது. அந்தக் கோணல் அவன் அப்பனுக்கும் உண்டு. அது யாரிடமிருந்து வந்தது என்று வாசலில் இருக்கும் முதல் படத்தைப் பார்த்தால் தெரியும்.

பந்து வளையத்தைக்கூடத் தொடாமல் உள்ளே விழுந்தது.

பிறகு ஊளை, மணி, பாம்பு எல்லாம் ஒன்றாகப் பறந்தன.

ஹார்லன் கால்சட்டையை முட்டிக்கு மேல் லேசாக இழுத்துவிட்டுக்கொண்டார். உட்கார்ந்தார்.

நாலாயிரம் பேர் நின்றுகொண்டிருந்த அரங்கில் ஒரே ஒரு கிழவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

டுவைட்டின் மணி நின்றது. பாஸ்டரின் ஊளை பாதியில் அறுந்தது.

கீழே, தடுப்பாட்டத்துக்குத் திரும்பி ஓடிய நோலன் பழைய பழக்கத்தில் எட்டாவது வரிசையை அண்ணாந்து பார்த்தான். நின்றுவிட்டான். எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதே மறந்துபோனவன் மாதிரி நடுக்களத்தில் நின்றான். அவன் மறிக்க வேண்டிய பச்சைச் சட்டைப் பையன் அவனைத் தாண்டிப் போய், தடுக்க ஆளில்லாமல், நிதானமாகக் கூடை போட்டான்.

அரங்கு ஆர்ப்பரித்தது. நாலாயிரம் பேரும் ஒருவழியாக உட்கார்ந்தார்கள்.

"ஆள விட்டுட்டு வாயப் பொளந்துக்கிட்டு நிக்கிறான் பாரு நோலன். மடப்பய" என்றார் ஹார்லன்.

வெர்லா பாப்கார்ன் பொட்டலத்தை அவர் பக்கம் நீட்டினாள்.

மறுநாள் ஆராதனை முடிந்து காபி குடிக்கும்போது ஊர் முழுக்க ஒரே பேச்சு. பாவம் ஹார்லனுக்கு, சரியாக அந்த நேரம் பார்த்து முட்டி மடங்கிவிட்டதாம். டுவைட் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். பாஸ்டர் அதற்காக ஜெபமும் செய்தார்.

தவறு. முட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆட்டம் முடிந்ததும் டன்மோர் அணியின் பஸ் நின்ற இடம் வரை, கால் மைல், பனியில், கைத்தடி இல்லாமல் அவர் நடந்துதான் போனார்.