நாலாவது கோல்கீப்பர்

அநியாயம் நடந்தது யாக்கோபுக்கு. மண்ணூர்க் கம்பெனியில் டெம்பரரியாக இருந்துகொண்டே அந்தக் கம்பெனி ஃபுட்பால் டீமுக்குக் கோல் கோலாகப் போட்டுத் தள்ளியவன். இந்த வருஷம் டீம் வழியாக நிரந்தர வேலைக்கு ஒரே ஒரு ஆளை எடுத்தார்கள். எடுத்தது கோதண்டத்தை. ஏற்கெனவே மூன்று கோல்கீப்பர் இருக்கிற டீமுக்கு, நாலாவது கோல்கீப்பராக!

யாக்கோபின் தங்கை ஷெர்லின், தண்டலம் காலேஜிலிருந்து பையோடு நேராக மைதானத்துக்கே வந்துவிட்டாள்.

"சார், நம்ம பக்கம் எத்தனை கோல் போஸ்ட்?"

டீம் மேனேஜர் ரகுபதி டீயை ஊதினார். "ஒண்ணும்மா."

"காக்க?"

"ஒருத்தன்."

"அப்ப பெஞ்சுல மூணு பேர் இன்னாத்துக்கு?"

"அவனுக்கு ஜுரம் வந்துட்டா?"

"ஒருத்தருக்கு வரும். வரிசையா மூணு பேருக்குமா வரும்?"

"வல்லக்கோட்டை முருகன் புண்ணியத்துல வராது. வந்துட்டா?"

ஷெர்லின் பெஞ்சைப் பார்த்தாள். வேகாத வெயிலில் மூன்று பேரும் க்ளவுஸ் போட்டபடி மசால்வடை தின்றுகொண்டிருந்தார்கள்.

"வடை இன்னா ஓடியா போயிடும்? அதுக்குமா க்ளவுஸ்?"

"பிராக்டீஸ்மா."

"இந்தக் கோதண்டம் இன்டர்வியூவுக்கே க்ளவுஸோட வந்தாராமே! முதலாளி கை குடுத்தப்பகூடக் கழட்டலையாமே!"

"தொழில் பக்தி."

"எங்கண்ணன் லோடு ஏத்திக்கினு கீது சார்! இவர் ஒரே ஒரு பந்து பிடிக்கட்டும். நான் வாயை மூடிக்கினு போறேன்."

பெஞ்சிலிருந்து கோதண்டம் பதறி எழுந்தான். "வாணாம் தங்கச்சி..."

அவள் பந்தை எடுத்து எறிந்தே விட்டாள்.

பந்து கையில் பட்டது. பந்தோடு வலது க்ளவுஸும் பறந்தது. அதன் விரல்களுக்குள் திணித்திருந்த பஞ்சு, மெஷின் துடைக்கிற வேஸ்ட் பஞ்சு, தரையெல்லாம் சிதறியது.

கோதண்டத்தின் கையில் கட்டைவிரல் மட்டும்தான் இருந்தது.

மற்ற இருவரும் வடையைப் போட்டுவிட்டுக் கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்கள்.

"கம்பெனி பிரெஸ் மெஷின்ல போன விரலு," என்றார் ரகுபதி. "மூணு பேரும் டெம்பரரியா இருந்தவங்க. விரல் போனா வூட்டுக்கு அனுப்பிடுவான். டீம்ல சேர்த்தா பர்மனென்ட். யாக்கோபுக்கு நான் பெரம்பூர் ரயில்வே டீம்ல சொல்லி வச்சிருக்கேன். அந்தக் காலை யாரும் வேணான்னு சொல்ல மாட்டான்."

ஷெர்லின் உட்கார்ந்து பஞ்சைப் பொறுக்கி, க்ளவுஸின் ஒவ்வொரு விரலாகத் திணித்தாள். ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

"கால் நல்லாத்தானே கீது சார்? ஒருத்தரை ஃபார்வர்டு, ஒருத்தரை டிஃபன்ஸுன்னு பிரிச்சுப் போட்டிருந்தா என்னை மாதிரி யாரும் வந்து கேட்டிருக்க மாட்டாங்களே. எல்லாரையும் எதுக்குக் கோல்கீப்பராவே எடுத்தீங்க?"

ரகுபதி க்ளவுஸை வாங்கிக் கோதண்டத்தின் கையில் மாட்டிவிட்டார்.

"ஃபுட்பால்ல க்ளவுஸ் போட்டுக்கினு நிக்கற இடம் அது ஒண்ணுதாம்மா."